அந்த நீலம் சாயமில்லை

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைப் படிகக் கூட்டத்தின் மேல் மயில் கழுத்து நீலத்தில் சின்னச் சின்ன உருண்டைகள். "கல்லில் இவ்வளவு பளிச்சென்று நிறம் வருமா? சாயம் ஏற்றியிருப்பார்கள்தானே அத்தை?" என்று கேட்டிருந்தாய். கண்காட்சிக் கடைகளில் சாயமேற்றிய அகேட் வில்லைகளைப் பார்த்திருப்பாய், அதனால் அந்தச் சந்தேகம் நியாயம்தான். ஆனால் இதற்குச் சாயம் தேவையில்லை. பெயர்ச்சீட்டில் புனே என்று இருந்ததாகவும் எழுதியிருக்கிறாய், அது போதும். நீ பார்த்தது காவன்சைட். கால்சியம், வனேடியம், சிலிக்கேட் மூன்றும் சேர்ந்த கனிமம். அதன் படிகத்துக்குள்ளேயே தண்ணீரும் இருக்கிறது. 100 கிராம் காவன்சைட்டை எடுத்தால் ஏறக்குறைய 11 கிராம் வனேடியம், 16 கிராம் தண்ணீர்.

அடுத்த முறை பார்க்கும்போது ஒரு கைலென்ஸ் எடுத்துப் போ. தூரத்தில் உருண்டையாகத் தெரிவது, லென்ஸில் நூற்றுக்கணக்கான மெல்லிய ஊசிகளாகப் பிரியும். எல்லா ஊசிகளும் நடுவில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி வெளிநோக்கி விரிந்திருக்கும். ஓர் ஊசியின் நீளம் சில மில்லிமீட்டர்தான். உடைந்த உருண்டை கிடைத்தால் விடாதே. நடுவிலிருந்து விளிம்புவரை கதிர்கள் ஓடுவது அதில்தான் நன்றாகத் தெரியும். மேற்பரப்பில் கண்ணாடிப் பளபளப்பு, பிளவுத் தளங்களில் முத்தின் மினுக்கம். கடினம் குறைவு: மோ அளவுகோலில் 3 முதல் 4 வரை, அதாவது கால்சைட்டுக்குப் பக்கம். அடர்த்தியும் தண்ணீரைப் போல 2.2, 2.3 மடங்குதான். தொட்டால் நொறுங்கும் என்று சொல்வது மிகையில்லை. ஆகவே விரலால் தடவிப் பார்க்காதே.

ஒற்றை ஊசியை நுண்ணோக்கியில் வைத்து, தளவிளைவு அடைந்த ஒளியைச் செலுத்தி, மேடையை மெல்லச் சுழற்றினால் இன்னொன்றும் தெரியும். ஒரு திசையில் ஆழ்ந்த நீலமாக இருப்பது, தொண்ணூறு பாகை திருப்பியதும் ஏறக்குறைய நிறமற்றதாகிவிடும். சாயத்தில் இந்த வித்தை நடக்காது. நிறம் படிகத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது என்பதற்கு இதைவிட அழகான சான்றை நான் பார்த்ததில்லை.

நிறம் எங்கிருந்து வருகிறது? நீ பதினொன்றாம் வகுப்பில் இருப்பதால் கொஞ்சம் தைரியமாகவே சொல்கிறேன். வனேடியம் ஓர் இடைநிலைத் தனிமம். காவன்சைட்டில் அதன் ஆக்சிஜனேற்ற எண் +4. அந்த நிலையில் அதன் டி ஆர்பிட்டாலில் மிஞ்சியிருப்பது ஒரே ஓர் எலக்ட்ரான். வனேடியத்தைச் சுற்றி ஐந்து ஆக்சிஜன்கள், சதுர அடித்தளம் கொண்ட பிரமிடு வடிவில். அடித்தளத்து நான்கும் ஏறத்தாழ 2 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் இருக்க, உச்சியில் இருக்கும் ஒன்று மட்டும் 1.6 ஆங்ஸ்ட்ராமுக்கு நெருங்கி இறுகப் பிணைந்திருக்கிறது. இந்தச் சமச்சீரற்ற சூழலில் அந்த ஒற்றை எலக்ட்ரான் வெள்ளொளியின் சிவப்புப் பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. மிஞ்சி நம் கண்ணுக்கு வருவது நீலம். உங்கள் ஆய்வகத்து மயில்துத்தத்தைச் சூடாக்கினால் தண்ணீர் போய் வெள்ளையாகிவிடும் அல்லவா? அங்கே நீலத்துக்குத் தண்ணீரின் துணை வேண்டும். காவன்சைட்டின் நீலம் அந்த உச்சி ஆக்சிஜனை நம்பியிருக்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் வேறிடத்தில் இருக்கின்றன: சிலிக்கேட் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து, அவற்றை வனேடியப் பிரமிடுகள் இணைக்க, நடுவில் உண்டாகும் கால்வாய்களில் கால்சியத்தோடு சேர்ந்து தங்கியிருக்கின்றன. சூடாக்கினால் அந்தத் தண்ணீர் ஒரேயடியாக அல்லாமல் படிப்படியாக வெளியேறும்.

வனேடியத்தின் இந்த நிறம் மாறும் குணம்தான் அதைக் கண்டுபிடித்தவரையும் படுத்தியது. மெக்சிகோ நகரச் சுரங்கக் கல்லூரியில் கனிமவியல் பேராசிரியராக இருந்த ஆந்த்ரேஸ் மானுவேல் தெல் ரியோ, 1801இல் சிமாபான் என்ற ஊரின் ஈயத்தாதுவைச் சோதித்தபோது புதிய தனிமம் ஒன்று இருப்பதைக் கண்டார். அதன் உப்புகள் காட்டிய நிறங்களைப் பார்த்து முதலில் ஒரு பெயர் வைத்தார். பிறகு, சூடாக்கினால் சிவக்கின்றன என்பதால் வேறொன்று. தாது மாதிரி ஐரோப்பாவுக்குப் போனது. 1805இல் பாரிஸில் அதை ஆராய்ந்த வேதியியலாளர், இது குரோமியம்தான் என்று முடிவு கட்டிவிட்டார். தெல் ரியோவும் அதை ஏற்றுக்கொண்டு தன் உரிமையைக் கைவிட்டார். 1830இல் ஸ்வீடனின் செஃப்ஸ்ட்ரோம் இரும்பில் அதே தனிமத்தை மறுபடி கண்டெடுத்து வனேடியம் என்று பெயரிட்டார். மறு ஆண்டு வேதியியலாளர் வோலர் பழைய மெக்சிகோத் தாதுவைச் சோதித்து, தெல் ரியோ சொன்னதே சரி என்று நிரூபித்தார். பெயர் மட்டும் ஸ்வீடன்காரர் வைத்ததாகவே நிலைத்துவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுக்காது. தன் கண்ணால் பார்த்ததை, தொலைதூரத்துப் பெரிய நகரம் மறுத்தது என்பதற்காக ஒரு மனிதர் விட்டுக்கொடுத்துவிட்டாரே!

இனி உன் அடுத்த கேள்வி: "வனேடியம் அவ்வளவு அபூர்வமா?" இல்லவே இல்லை. புவி ஓட்டில் செம்பைவிட வனேடியம் அதிகம். தக்காணத்துக் கருங்கல்லான பசால்ட்டில் டன்னுக்குச் சில நூறு கிராம் இருக்கும். ஆனால் அது தனித்து நிற்காது. +3 நிலையில், இரும்புக்கு உரிய இடத்தில் மேக்னடைட் போன்ற கனிமங்களுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். மாறாக, காற்றும் ஆக்சிஜனும் தாராளமாகக் கிடைக்கும் நில மேற்பரப்புக்கு அருகே வந்துவிட்டால் +5 நிலைக்குப் போய், மஞ்சளும் சிவப்புமான வேறு கனிமங்களை உண்டாக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் +4 நிலை, குறுகலான சந்து மாதிரி. ஆக்சிஜன் கொஞ்சம் கூடினாலும் கூடாது, குறைந்தாலும் கூடாது. அதே நேரத்தில் கால்சியமும் சிலிக்காவும் கரைந்த வெந்நீர் வேண்டும். படிகம் வளர வெற்றிடம் வேண்டும். இவை எல்லாம் ஒரே இடத்தில், ஒரே காலத்தில் கூடிவருவதுதான் அபூர்வம். காவன்சைட் அரிதாக இருப்பதற்கு நான் சொல்லும் காரணம் இதுதான்.

இப்படிக் கூடிவந்த இடம் புனேக்கு வடகிழக்கே, அகமத்நகர் சாலையில் இருக்கும் வாகோலி. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பிளவுகள் வழியே அடுக்கடுக்காக வழிந்தது. குளிரும்போது உள்ளே சிக்கிய வாயுக் குமிழ்கள் பொந்துகளாக நின்றுவிட்டன. பிற்பாடு சூடான நீர் பாறைக்குள் ஊறி, பசால்ட்டைச் சிதைத்து, அதிலிருந்து கரைத்தெடுத்ததையெல்லாம் இந்தப் பொந்துகளில் படிகமாக்கியது. பெரும்பாலும் ஸ்டில்பைட், ஹியூலண்டைட் முதலிய வெண்ணிற சியோலைட்டுகள், கால்சைட், அபோபில்லைட். மும்பையிலிருந்து புனேக்குப் போர் காட் கணவாய்ப் பகுதியைக் குடைந்து ரயில் பாதை போட்ட 19ஆம் நூற்றாண்டிலேயே இவை உலகுக்குத் தெரியவந்துவிட்டன. காவன்சைட் மட்டும் 1980களின் பிற்பகுதிவரை கண்ணில் படவில்லை.

அதற்கு முன்பே அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஒவைஹீ அணைக்கு அருகிலும் கோபிள் என்ற ஊரின் குவாரியிலும் 1960களில் சிறிதளவு அகப்பட்டிருந்தது. ஸ்டேப்பிள்ஸ், எவன்ஸ், லிண்ட்சே என்ற மூவர் அதை ஆராய்ந்து 1973இல் புதிய கனிமமாக அறிவித்தார்கள். ஓரிகன் மாதிரிகள் சிறியவை. வாகோலியில் கிடைத்தவையோ ஒரு சென்டிமீட்டரையும் தாண்டிய உருண்டைகள், தூய வெள்ளை ஸ்டில்பைட்டின் மேல்! இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கும் நல்ல மாதிரிகளில் பெரும்பாலானவை இங்கிருந்து போனவைதான்.

வாகோலியில் யாரும் காவன்சைட்டுக்காகத் தோண்டவில்லை என்பதை மறந்துவிடாதே. அவை ஜல்லிக்கல் குவாரிகள். வெடி வைத்துத் தகர்த்த கல் கிரஷருக்குப் போய், சாலைக்கும் கட்டடத்துக்கும் ஜல்லியாகும். தூசியும் வெயிலும் சூழ்ந்த அந்த இடத்தில், அரைபடப்போகும் கல்லின் பொந்துக்குள் நீலம் தெரிகிறதே என்று கவனித்து எடுத்துவைத்த தொழிலாளிகளின் கண்ணால்தான் இந்தக் கனிமம் நமக்குக் கிடைத்திருக்கிறது. பெயர்ச்சீட்டு எதிலும் அவர்கள் பெயர் இருப்பதில்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

காவன்சைட்டுக்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு: பென்டகோனைட். வேதியியல் சேர்க்கையில் அணுவளவும் வித்தியாசம் இல்லை. சிலிக்கேட் அடுக்கின் பின்னல்தான் வேறு: காவன்சைட்டில் நான்கு, எட்டு என்று வளையங்கள், பென்டகோனைட்டில் ஆறு ஆறாக. இதன் படிகங்கள் ஐந்து ஐந்தாக ஒட்டி வளர்ந்து, குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போலத் தெரியும். இதையும் ஓரிகனில் கண்டு அதே 1973இல் அறிவித்தார்கள். பிறகு வாகோலியிலும் கிடைத்தது. கடையில் இரண்டையும் குழப்பி விற்பார்கள். ஒன்றோடொன்று நெருங்கி உருண்டையாக இருந்தால் காவன்சைட், தனித்தனிக் குச்சிகளாகச் சிதறி நின்றால் பென்டகோனைட்டாக இருக்கலாம் என்று கண்மதிப்பாகச் சொல்லலாம். உறுதி செய்ய ஆய்வகம் வேண்டும்.

நம் ஊர்ப் பக்கத்துக் குவாரியில் தேடலாமா என்று கேட்டிருந்தாய். போய்ப் பார், ஆனால் காவன்சைட்டை எதிர்பார்த்துப் போகாதே. தமிழ்நாட்டில் நாம் கருங்கல் என்று உடைப்பதில் பெரும்பகுதி சார்னோகைட்டும் நைஸும். அவை பூமியின் ஆழத்தில் பெரும் அழுத்தத்தில் உருவானவை. அங்கே வாயுக் குமிழுக்கு இடமேது?

வாங்குவதாக இருந்தால் கொஞ்சம் எச்சரிக்கை. சாயத்தைவிடப் பசைதான் ஆபத்து. உதிர்ந்த உருண்டையை நல்ல ஸ்டில்பைட் துண்டின் மேல் ஒட்டி விற்கிறார்கள். உருண்டை உட்கார்ந்திருக்கும் அடிப்பகுதியை லென்ஸில் பார். இயற்கையானதென்றால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்திருக்கும். ஒட்டியதென்றால் நடுவில் பளபளக்கும் மெல்லிய விளிம்பு தெரியும். பல பசைகள் புறஊதா விளக்கில் ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். வாங்கியதும் எங்கே கிடைத்தது, யாரிடம் வாங்கினோம், எந்தத் தேதி என்று எழுதிக் கல்லோடு வை. குவாரியின் பெயர் தெரிந்தால் அதையும் எழுது. இடம் தெரியாத மாதிரியை நான் அலமாரியில் வைப்பதில்லை. அமிலத்தில் கழுவாதே, பல்துலக்கியால் தேய்க்காதே. தூசியை ஊதினால் போதும்.

படிகத்தைச் செலவழிக்காமல் இந்த நீலத்தைச் செய்து பார்க்க வழி இருக்கிறது. உன் வேதியியல் ஆசிரியை சம்மதித்தால், அவர் உடனிருக்கும்போது மட்டும் செய். வனேடிய உப்புகள் நச்சு, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அமோனியம் மெட்டாவனடேட்டை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்தால் மஞ்சள் கரைசல் கிடைக்கும், அது +5. துத்தநாகத் துண்டுகளைப் போட்டுப் பொறுமையாக இரு. முதலில் ஒரு பச்சை வரும். அதைப் புதிய நிலை என்று குறித்துவிடாதே. மிஞ்சிய மஞ்சளும் புதிதாக உண்டான நீலமும் கலந்த நிறம் அது. பிறகு வருவது தெளிந்த நீலம், +4. உடனே கொஞ்சத்தைச் சோதனைக்குழாயில் தனியே ஊற்றிவை, ஏனென்றால் துத்தநாகம் அங்கே நிற்காது. மீதிக் கரைசலை உண்மையான பச்சைக்கும் கடைசியில் ஊதாவுக்கும் கொண்டுபோய்விடும். தனியே எடுத்த நீலத்திலும் அதே வனேடியம், அதே நெருங்கிய உச்சி ஆக்சிஜன். காவன்சைட்டில் சிலிக்கேட் ஆக்சிஜன்கள் இருக்கும் நான்கு மூலைகளில், சோதனைக்குழாயில் தண்ணீர் மூலக்கூறுகள் இருக்கின்றன. அந்த நீலத்தையும் உன் படத்தையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது பச்சைப் பக்கம் சாய்கிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை