ஈரம் ஆகாது, துடைப்பும் ஆகாது: மொட்டைமாடி டெலஸ்கோப்புக்கு 25 குறிப்புகள்

பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கிய சின்ன டெலஸ்கோப்போ, ஆசை ஆசையாய்ப் பணம் சேர்த்து வாங்கிய 130 மி.மீ. கருவியோ, நம் தாம்பரம், திருமுடிவாக்கம், குன்றத்தூர் பக்கத்தில் அதற்கு எதிரி இரண்டே பேர்தான். ஒன்று ஈரக்காற்று, இன்னொன்று, தூசியைக் கண்டதும் துணியை எடுக்கும் நம் கை. இந்த இரண்டையும் தள்ளி வைத்தால் டெலஸ்கோப் வருஷக்கணக்கில் உழைக்கும். பெரிய செலவில்லாமல், வீட்டில் இருப்பதை வைத்தே செய்யக்கூடியவை இதோ, நண்பர்களே!

1. டெலஸ்கோப்போடு வரும் ஸ்பாஞ்ச் பெட்டி, வரும் வழியில் அடிபடாமல் இருக்கத்தான். அதிலேயே மாதக்கணக்கில் வைத்தால் ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்துவைத்து லென்ஸில் பூஞ்சை படர இடம் கொடுக்கும். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ்களை நான்கு பக்கமும் கிளிப் போட்டு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

2. அந்த டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் போட்டுவையுங்கள். புது ஷூ, ஹேண்ட்பேக் வாங்கும்போது வரும் சின்னப் பொட்டலங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஈரம் குடித்தவை. நிறம் மாறும் ஆரஞ்சு நிற மணிகளைக் கால் கிலோ வாங்கினால் திரும்பத் திரும்பப் பயன்படும். நிறம் மாறியதும் சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில், சிறு தீயில் கிளறினால் பழைய நிறம் வந்துவிடும்.

3. டப்பாவுக்குள் ஈரம் எவ்வளவு என்று காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றைப் போட்டுவைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை. 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நிம்மதி. 60-ஐத் தாண்டினால் ஜெல்லை வறுக்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

4. பூச்சி வராமல் இருக்க அந்துருண்டையோ கற்பூரமோ ட்யூபுக்குள் போடாதீர்கள். அவற்றின் ஆவி கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படியும். குளவி கூடு கட்டுவதையும் பல்லி நுழைவதையும் தடுக்க, குளிக்கும்போது தலையில் போடும் பிளாஸ்டிக் தொப்பியை ட்யூபின் வாயில் மாட்டினாலே போதும்.

5. ஏ.சி. ஓடும் அறையில் இருந்து டெலஸ்கோப்பை நேராக மாடிக்குத் தூக்கிப் போனால், ஐஸ் தண்ணீர் டம்ளர் மாதிரி கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடியைக் கழற்றாமல் ஹாலிலோ மாடிப்படி முகப்பிலோ வைத்துவிடுங்கள். வெளிச்சூட்டுக்குப் பழகிய பிறகு மூடியைத் திறந்தால் துடைக்கும் வேலையே இல்லை.

6. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி அந்தச் சூட்டை மெதுவாக வெளியே விடும். வியாழனும் சனியும் கொதிக்கிற தண்ணீருக்குள் இருப்பதுபோல் தெரிவதற்கு அதுதான் காரணம். சாயங்காலமே தளத்தில் இரண்டு வாளித் தண்ணீர் தெளித்துக் காயவிடுங்கள். அவசரம் இல்லாத நாளில் பத்து மணிக்கு மேல் பார்த்தால் படம் இன்னும் நிதானமாக நிற்கும்.

7. மார்கழிப் பனியில் லென்ஸ் போட்ட டெலஸ்கோப்புக்கு முன்பக்கம் ஒரு குழல் அவசியம். கிழிந்த யோகா பாயை ட்யூபைச் சுற்றிச் சுருட்டி வெல்க்ரோ ஒட்டுங்கள். லென்ஸைத் தாண்டி, அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் இருந்தால் போதும். பக்கத்து வீட்டு விளக்கு வெளிச்சம் உள்ளே நுழைவதையும் இது தடுக்கும்.

8. பனி இறங்கி நனைந்த டெலஸ்கோப்பை உடனே மூடி போட்டு வைத்தால் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கிறோம். உள்ளே கொண்டுவந்து, வாய்ப்பக்கம் கீழே சாய்ந்திருக்கும்படி வைத்து, மின்விசிறி மெதுவாக ஓட, தானாகக் காயவிடுங்கள். காலையில் மூடி போட்டால் போதும். நடுவில் துணி வேண்டவே வேண்டாம்.

9. வெளிவட்டச் சாலை லாரிகளின் புழுதி நம் மாடிக்கு வராமல் இருக்காது. ஆனால் கண்ணாடியில் உட்கார்ந்த லேசான தூசி படத்தைக் கெடுப்பதில்லை. துடைத்தால் அதே தூசி கீறலாக மாறும், அதற்குப் பரிகாரம் கிடையாது. ரப்பர் பந்துபோல் அழுத்தும் ஏர் புளோயரால் ஊதிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி தெறிக்கும்.

10. பிரதிபலிக்கும் கண்ணாடியைக் கழுவுவது ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் உண்மையிலேயே அழுக்கானால் மட்டும். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, அடியில் துண்டு விரித்த பிளாஸ்டிக் டப்பில், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு கலந்த தண்ணீரில் கண்ணாடியை ஊறவிடுங்கள். பிறகு பஞ்சு உருண்டையை அதன் சொந்த எடையிலேயே ஒரே திசையில் இழுத்து, ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு என்று தூக்கிப் போட்டுவிடுங்கள்.

11. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் உப்பு வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படியும். கடைசி அலசலுக்கு, இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் போதும். ஆசிட் கலக்காததுதானா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடியைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்தால் தண்ணீர் வழிந்து தானே காயும்.

12. கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன் அதன் தாங்கியிலும் ட்யூபிலும் மார்க்கரால் ஒரே நேர்கோட்டில் சின்னக் கோடு போட்டுவிடுங்கள். திரும்ப மாட்டும்போது கோட்டைக் கோட்டோடு சேர்த்தால் அலைன்மென்ட் வேலை பாதியாகக் குறையும். லென்ஸ் டெலஸ்கோப்பின் முன் லென்ஸை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள்.

13. ஐபீஸில் படிவது பெரும்பாலும் இமையின் எண்ணெய், கண்மை, தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய், நெற்றி விபூதி. முதலில் ஊதுங்கள், பிறகு மென்மையான பிரஷ், அதற்கும் போகாவிட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை லென்ஸ் துணியில் ஒரு சொட்டு விட்டு நடுவில் இருந்து ஓரத்துக்குத் துடையுங்கள். சொட்டை நேராகக் கண்ணாடியில் விடக்கூடாது. முந்தானையும் கர்ச்சீப்பும் பக்கத்திலேயே வரக்கூடாது.

14. கண்ணாடிகளை நேர்ப்படுத்தும் (அலைன்மென்ட்) கொலிமேஷன் கருவி வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். பழைய ஃபோட்டோ ஸ்டூடியோவில் 35 மி.மீ. ஃபிலிம் ரோல் டப்பா ஒன்று கேட்டு வாங்கி, அடிப்பாகத்தை வெட்டி, மூடியின் நடு மையத்தில் சின்ன ஓட்டை போடுங்கள், 1.25 அங்குல ஃபோகஸரில் அது கச்சிதமாக உட்காரும். அதன் வழியே பார்த்து, முதலில் சின்னக் கண்ணாடியின் ஸ்க்ரூக்களால் பெரிய கண்ணாடி முழு வட்டமாகத் தெரியும்படியும், பிறகு பின்பக்க ஸ்க்ரூக்களால் எல்லா வட்டமும் ஒரே மையத்தில் வரும்படியும் செய்யுங்கள்.

15. பகலில் செய்த அலைன்மென்ட் சரியா என்று ராத்திரி ஒரு நட்சத்திரமே சொல்லிவிடும். நடுத்தரப் பிரகாசமுள்ள ஒன்றை ஐபீஸின் நட்டநடுவில் நிறுத்தி, ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்தால் வளையங்கள் தெரியும். நடுவில் உள்ள கறுப்புப் புள்ளி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் பின்பக்க ஸ்க்ரூவைக் கால் திருப்புக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு திருப்புக்கும் நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

16. குறிபார்க்க உதவும் ஃபைண்டரை இருட்டில் சரிசெய்யப் போராடாதீர்கள், பகலிலேயே முடித்துவிடலாம். அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள செல்போன் டவர் உச்சியோ, உங்கள் மாடியில் இருந்து தெரிந்தால் குன்றத்தூர் மலை முருகன் கோயிலோ நல்ல குறி. சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் டெலஸ்கோப்பைத் திருப்பவே கூடாது.

17. சிவப்புப் புள்ளி ஃபைண்டரை அணைக்க மறந்துவிட்டால் காலைக்குள் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிடும். வேலை முடிந்ததும் பேட்டரிக்கும் தகடுக்கும் நடுவில் ஒரு சின்னக் காகிதத் துண்டைச் செருகிவிடுங்கள். மழைக்காலத்தில் பேட்டரியைக் கழற்றியே வையுங்கள், கசிந்து துரு ஏறாமல் இருக்கும்.

18. தொட்டாலே படம் ஆடுகிறதா? ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை ஸ்டாண்டின் நடுவில் தொங்கவிட்டு, கால்களை முழு நீளத்துக்கு இழுக்காமல் தாழ்வாக வைத்து, உட்கார்ந்து பாருங்கள். பழைய ஹவாய் செருப்பை வெட்டிக் கால்களுக்கு அடியில் வைத்தால் மாடியில் ஆள் நடக்கும் அதிர்வும் குறையும்.

19. ஃபோகஸ் குமிழ் இறுகிப்போனால் தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ விடாதீர்கள். அது வழிந்து கண்ணாடிக்குப் போகும், தூசியையும் இழுத்து ஒட்டவைக்கும். பழைய பிசினைத் துணியால் துடைத்தெடுத்து, வெள்ளை லித்தியம் கிரீஸைப் பல்குத்தும் குச்சி நுனியளவு தடவுங்கள். குமிழ் வழுக்கினால் கிரீஸை விட்டுவிட்டு, அடியில் உள்ள சின்ன ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள்.

20. ஸ்க்ரூ தொலைந்தாலும் எடைக்கல் போதாமல் போனாலும் வெளிநாட்டுப் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டாம். பெரும்பாலானவை எம்4, எம்5, எம்6 அளவுதான், ஹார்டுவேர் கடையிலேயே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கிடைக்கும். எடைக்கல், அடாப்டர் வளையம் போன்றவற்றைப் பழைய மாதிரியைக் கையோடு கொண்டுபோய், திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் லேத் பட்டறையில் கடைந்து தரக் கேளுங்கள்.

21. அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் ஈக்குவடோரியல் மவுண்டில் உயரக் கோணத்தை 13 டிகிரியில் வையுங்கள். நமக்குத் துருவ நட்சத்திரம் அவ்வளவு தாழ்வு என்பதால் புகைமூட்டத்தில் பல நாள் கண்ணில் படாது. வெறுமனே பார்ப்பதற்குச் செல்போன் திசைகாட்டி காட்டும் வடக்கே போதும், ஆனால் இரும்புக் கம்பி, தண்ணீர்த் தொட்டிச் சட்டம் பக்கத்தில் வைத்து அளக்காதீர்கள். இந்தத் தாழ்ந்த கோணத்தில் எடைக்கம்பி ஸ்டாண்டின் காலில் இடிக்கும். திருப்பும்போது ஒரு கண் அதன்மேல் இருக்கட்டும்.

22. தானாகத் தேடும் மவுண்ட் எங்கோ சுற்றினால், பழுது என்று முடிவு கட்டும் முன் கொடுத்த விவரங்களைப் பாருங்கள். பல கருவிகளில் மாதம் முதலில், தேதி அடுத்து. நேர மண்டலம் +5:30, கோடைக்கால நேரம் 'இல்லை', இடம் சுமார் 13 டிகிரி வடக்கு, 80 டிகிரி கிழக்கு. அதுவும் சரியென்றால் மின்சாரம் போதாமல் இருக்கலாம். சின்ன செல்களை விட்டு, யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரிக்கு மாறுங்கள், பிளஸ் மைனஸை மட்டும் இரண்டு தடவை சரிபாருங்கள்.

23. தெருவின் எல்.இ.டி. விளக்குக்குப் பணம் செலவில்லாத பதில், தலையோடு ஐபீஸையும் மூடும் கறுப்புத் துணி. ஃபோகஸருக்கு நேர் எதிரே ட்யூபின் உட்சுவரில் கறுப்பு வெல்வெட் ஒட்டுத்தாள் ஒட்டினால் நிலவின் ஓரம் பளிச்சென்று தெரியும். டார்ச்சுக்குச் சிவப்பு ஜெலட்டின் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள், இருட்டுக்குப் பழகிய கண் கலையாது.

24. ஐபீஸில் திருகும் சூரிய ஃபில்டர் பெட்டியில் வந்திருந்தால் இன்றே உடைத்து எறிந்துவிடுங்கள். சூட்டில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தை நம் தமிழ்நாட்டிலேயே பார்த்தோம். 2027 ஆகஸ்ட் 2 அன்று பகுதி கிரகணம் நம் பக்கமும் தெரியும். அதற்கு ட்யூபின் முன்வாயை முழுதும் மூடும் சூரிய ஃபில்டரை நம்பகமான இடத்தில் முன்கூட்டியே வாங்குங்கள், ஃபைண்டருக்கும் மூடி போட மறக்காதீர்கள்.

25. ஐப்பசி பிறக்கும் முன் டெலஸ்கோப்பைத் தரையில் இருந்து எடுத்து அலமாரி மேல்தட்டில் ஏற்றிவிடுங்கள்; 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த அடையாற்றங்கரை ஊர்களுக்கு இது தெரியாததல்ல. மழை விட்ட நாளில் அரை மணி நேரம் வெளியே எடுத்துக் காற்றாட வைத்து, நிலவையாவது பார்த்துவிட்டு உள்ளே வையுங்கள். கண்ணாடியின் பூச்சு மங்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம்: 1986-இல் வானியலாளர் வைணு பாப்பு பெயர் சூட்டப்பட்ட, காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் டெலஸ்கோப்புக்கே அவ்வப்போது புது அலுமினியப் பூச்சு போடத்தான் வேண்டியிருக்கிறது. ஈரத்தில் மூடிக் கிடக்கிற கருவிதான் சீக்கிரம் கெடும். வாரம் ஒருமுறையாவது எடுத்துப் பார்க்கிற வீட்டில் பூஞ்சைக்கு வேலையே இருக்காது.