பெல்ட்டைக் கழற்றும் நேரத்தில் ஒரு விளம்பரம்



விளம்பரம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? சுவர் எழுத்து, சினிமாக் கொட்டகையில் இடைவேளை ஸ்லைடு, டி.வி., இப்போது செல்போன். பிடிக்கவில்லையா, முகத்தைத் திருப்பிக் கொள்ளலாம். இடைவேளையில் முறுக்கு வாங்க எழுந்து வெளியே போய்விடலாம். ஆனால் மனிதனை நகரவே விடாமல் நிறுத்தி வைக்கும் இடம் ஒன்று உண்டு. விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை வரிசைதான் அது. அந்த வரிசைக்குள்ளும் விளம்பரம் எப்படி நுழைந்தது, ஜனங்கள் அதை எப்படி எடுத்துக் கொள்கிறார்கள் என்பதே இக்கட்டுரை.

'எட்டயபுரத்துக்காரனுக்கு ஏரோப்ளேன் எதுக்குலே?' என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். நம் ஊர் மதுரை - தூத்துக்குடி நெடுஞ்சாலையில் இருக்கிறது. வடக்கே போனால் மதுரை விமான நிலையம்; தெற்கே போனால் வாகைக்குளம். வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புது முனையமே திறந்தாச்சு. டிப்ளமோ முடித்த நம் சீனியர்கள் எத்தனை பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள்! நாளைக்கு நாமும் அந்த வரிசையில் நிற்கப் போகிறவர்கள்தாம்.

முதலில் தொழில்நுட்பம். பை, செல்போன், பர்ஸ், பெல்ட் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டிரேயில் வைத்து உருளைகள்மேல் தள்ளுகிறோம். கன்வேயர் அதை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் இழுத்துக் கொள்கிறது. திரையைப் பார்ப்பவருக்கு உணவு, துணி, காகிதம் போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்திலும், இரும்பு போன்ற உலோகங்கள் நீலத்திலும், இடைப்பட்டவை பச்சையிலும் தெரியும். டிரேயின் அடியில் ஒட்டிய விளம்பரத் தாளோ மிக மெல்லியது. அதனால் திரையில் விழும் படத்தை அது கெடுப்பதில்லை. இயந்திரத்துக்கு இடைஞ்சல் இல்லை, பயணியின் கண்ணில் மட்டும் படும்! இந்த ஒரு வசதிதான் இத்தொழிலுக்கே அஸ்திவாரம்.

ஆரம்பம் அமெரிக்காவில். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அங்கே சோதனை கடுமையானது, வரிசை நீண்டது. டிரேக்கள் எந்திரத்தின் ஒரு முனையில் தீர்ந்து போகும், மறுமுனையில் குவிந்து கிடக்கும். இதைக் கவனித்த ஒருவர், இரண்டு தள்ளுவண்டிகளை வைத்துக்கொண்டு, அந்த முனையில் நிரம்பிய வண்டியை இந்த முனைக்குக் கொண்டுவந்து மாற்றும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 2005-இல் கிடைத்த அந்தக் காப்புரிமையின் தலைப்பிலேயே 'விளம்பர டிரே' என்ற சொல் இருக்கிறது. டிரே, மேசை, வண்டி எல்லாம் இலவசமாகத் தருகிறோம், அடியில் விளம்பரம் போட்டுக் கொள்கிறோம் என்பது அவர் கம்பெனியின் பேரம். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் பரிசோதனையாகத் தொடங்கியது. பின்னாளில் அந்த வண்டி முறையை அனுமதியின்றிப் பல விமான நிலையங்களில் பயன்படுத்தியதாக அமெரிக்க அரசின் மீதே வழக்குத் தொடர்ந்தார்கள். 2022-இல் நீதிமன்றம் அரசு 10 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தள்ளுவண்டிக்குப் பத்துக் கோடி டாலர்! ஒர்க்ஷாப்பில் நாம் செய்கிற வண்டியை இனிமேல் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கலாம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1999 டிசம்பரில் காத்மாண்டு விமானம் கடத்தப்பட்ட பிறகு, 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, விமான நிலையப் பாதுகாப்பு சி.ஐ.எஸ்.எஃப். வசம் வந்தது. அவர்கள் கைப்பையில் தொங்கும் அட்டையில் முத்திரை குத்துவார்கள். விமான கம்பெனி கொடுக்கும் அந்த அட்டைகள் பலவற்றில் விளம்பரம் இருக்கும். அரசாங்க முத்திரை அதன் பக்கத்திலேயே விழும். 2017 ஏப்ரலில் 7 பெரிய விமான நிலையங்களில் இந்த முத்திரை நிறுத்தப்பட்டது, பிறகு மற்ற ஊர்களிலும். ஆனால் நம்மாளுங்க அட்டையைச் சும்மா விட்டார்களா? துபாயிலிருந்து வந்தவர் சூட்கேசில் அது வருஷக்கணக்கில் தொங்கும். அதைக் கழற்றினால் கௌரவம் போய்விடும் என்று நினைப்பு. ஒட்டிய கம்பெனிக்காரன் கனவிலும் நினைத்திராத ஊர்களில் எல்லாம் அவன் விளம்பரம் டவுன் பஸ் ஏறிப் போனது!

இப்போது பெரிய விமான நிலையங்களில் டிரேயிலும் விளம்பரம் வந்துவிட்டது. இதைப் பார்த்தவர்களிடம் கேட்டு எழுதி வைத்தேன். சவூதியில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் மாமா சிரித்துவிட்டார். "பர்ஸ் வருதா, பாஸ்போர்ட் வருதான்னு பார்ப்பனா, டிரேயில என்ன படம்னு பார்ப்பனா மாப்ளே?" பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பனின் அண்ணனுக்கோ அது பிடித்திருக்கிறது, நிற்கிற கடுப்புக்கு எதையாவது வாசிக்கலாமாம். டிரே அழுக்காக இருப்பதுதான் அவர் குறை.

என் பெரியம்மா மகனைப் பார்க்கப் போனபோது, முன்னால் நின்றவர் ஷூவைக் கழற்றி டிரேயில் வைத்திருக்கிறார். அடியில் நகைக்கடை விளம்பரம். "ஏய்யா, படத்துல குத்துவெளக்கு எரியுது, பக்கத்துல ஒரு பொம்பளப்புள்ள கும்பிட்டுக்கிட்டு நிக்கா. அவ மூஞ்சி மேலயா செருப்ப வைக்கச் சொல்லுவான்?" என்று ஊருக்கு வந்தும் ஆறவில்லை. விளம்பரம் வரைந்தவர் அந்தத் தட்டில் என்ன வைப்பார்கள் என்று யோசிக்கவே இல்லை.

ஆனால் என்னை உலுக்கியது விளாத்திகுளம் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் சொன்னது. முதல் தடவையாகக் குவைத் போனவர். "போலீஸ்காரர் தள்ளிவிட்ட தட்டுல இன்சூரன்ஸ்னு போட்டிருந்துச்சு தம்பி. நம்மகிட்ட அது இல்லையே, திருப்பி அனுப்பிருவாங்களோன்னு சட்டையெல்லாம் வேர்த்துப் போச்சு" என்றார். நிலத்தை அடகு வைத்து விசா எடுத்தவருக்கு அந்த ஐந்து நிமிஷம் எப்படி இருந்திருக்கும்!

என்னைப் பொறுத்தவரை விஷயமே இங்கேதான் இருக்கிறது. 'பெல்ட்டைக் கழற்றவும்' என்பது கட்டளை. 'எங்கள் பாலிசி எடுங்கள்' என்பது வேண்டுகோள். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே அளவு எழுத்தில், காக்கிச் சட்டைக்கு முன்னால் இருந்தால், புதிதாய் வருபவனுக்கு எது சர்க்கார், எது கம்பெனி என்று எப்படித் தெரியும்? நம் பக்கத்துத் தீப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். கோவில்பட்டி, எட்டயபுரம், சாத்தூர் பெட்டிகளில் புலி, மயில், கப்பல் என்று எத்தனை லேபிள்! அதுவும் விளம்பரம்தான். ஆனால் அதைக் காசு கொடுத்து இஷ்டப்பட்டுக் கையில் எடுக்கிறோம். (தம் புத்தகங்கள் மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிடச் சாதாரணமாக விற்க வேண்டும் என்று 1920-இல் ஆசைப்பட்டு எழுதியவர் நம் ஊர்க் கவிஞர்.) வேடிக்கை என்னவென்றால் அந்தத் தீப்பெட்டியைத்தான் சோதனையில் பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள், டிரே விளம்பரம் மட்டும் ஜம்மென்று உள்ளே போகிறது.

காசு யாருக்கு என்றும் கேட்க வேண்டும். பாதுகாப்புக்கென்று நம்மிடம் தனியாகவே கட்டணம் வாங்குகிறார்கள். 2019 ஜூலையில் உள்நாட்டுப் பயணிக்கு 150 ரூபாயாக வந்தது, 2021 ஏப்ரலில் 200 ஆனது. விளம்பர வருமானம் போவதோ விமான நிலையத்தை நடத்துபவருக்கு. பெரிய விமான நிலையங்களில் கடை வாடகை, விளம்பரம் போன்ற வருமானத்தில் 30 சதவீதத்தை விமான நிலையக் கட்டணங்களைக் குறைக்கக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்துக் கொள்கை சொல்கிறது. ஆகவே பயணிக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்வது நியாயமில்லை. அதற்காக மீதி 70-ஐ மறந்துவிடவும் முடியாது.

டிரே விளம்பரத்தை அடியோடு ஒழிக்கச் சொல்ல மாட்டேன். கடைசிப் பையையும் எடுத்துக்கொண்டு பயணி மூச்சு விடும் இடத்தில், சுவரில் எவ்வளவு வேண்டுமானாலும் விளம்பரம் வைக்கட்டும். டிரேயின் அடியில் மட்டும் எதை வைக்க வேண்டும், எதை வைக்கக் கூடாது என்பதைப் படத்தோடு தமிழிலும் அச்சிடலாம். விளம்பரம் போட்டே ஆக வேண்டுமென்றால் 'இது விளம்பரம்' என்று பெரிய எழுத்தில் ஒரு வரி வேண்டும். விமானப் பயணிகள் புகாருக்கென 'ஏர்சேவா' என்ற அரசுத் தளம் 2016-இலிருந்து இருக்கிறது. அண்ணாச்சி சொன்னதை, அவர் பெயரைப் போடாமல், அதில் பதிவு செய்ய எழுதி வைத்திருக்கிறேன். டிரேயில் இதுபோல் பார்த்தவர்கள் எந்த ஊர், எந்தத் தேதி என்று குறித்து, மின்னணுவியல் மூன்றாமாண்டு வகுப்பில் வந்து என்னிடம் கொடுங்கள். சேர்த்து அனுப்பலாம்.