வீட்டுப் பட்டறைக்கு ஒயரிங்: திட்டமிடுவது எப்படி?

(இரண்டாம் ஆண்டு மாணவர், மின் மற்றும் மின்னணுவியல் துறை)

முன்னுரை

ஒயரிங் என்றதும் நம் நினைவுக்கு வருவது லேப்பில் பலகை மேல் அடித்த மாடிப்படி விளக்கு சர்க்யூட்டும் கோடவுன் ஒயரிங்கும்தான். அவை தேவைதான். ஆனால் வீட்டை விட்டுத் தள்ளி, தோட்டத்தில் தனியாக நிற்கும் ஒரு கொட்டகைக்கு மின்சாரம் கொண்டு போகச் சொன்னால் என்ன செய்வோம்? சுவிட்ச் எங்கே வைப்பது என்பது அங்கே கடைசிக் கேள்வி. அங்குள்ள மெஷினின் பாடியில் கரண்ட் ஏறினால் எந்தக் கருவி, எவ்வளவு நேரத்தில் அதை நிறுத்தும் என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. எடுத்துக்கொண்ட இடம்

என் பெரியப்பா மில் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மரச் சாமான் செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு. பல்லாங்குழி, நடைவண்டி, பூஜை மாடம் என்று எதையாவது செய்து சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பார். வீட்டுக்குப் பின்னால் 18 மீட்டர் தள்ளி ஓட்டுக் கொட்டகை. 5 மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம், மண் தரை. வீட்டில் இருந்து துணிக்கொடிக் கம்பம் வழியாக இரண்டே இரண்டு ஒயர் போயிருந்தது. எர்த் கிடையாது. கிரைண்டரைத் தொட்டால் சில நாள் "சுருக்"கென்று அடிக்கும். அதற்கு அவர் கண்ட வைத்தியம், ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு பலகை மேல் நிற்பது. "இத்தனை வருஷமா இப்படித்தான் ஓடுது, என்ன ஆயிருச்சு?" என்பார்.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். வயதில் பெரியவரிடம் "இது தப்பு" என்று வாயால் சொன்னால் எடுபடாது. ஆகவே கணக்கைக் காகிதத்தில், தமிழில் எழுதிக் காட்டினேன். அந்தக் கணக்குதான் கீழே வருவது.

2. லோடு கணக்கு

குழல் விளக்கு (எல்.இ.டி.) 2 × 20 = 40 வாட்
மின்விசிறி = 75 வாட்
கை ட்ரில்லிங் மெஷின் = 600 வாட்
பெஞ்ச் கிரைண்டர், அரை எச்.பி. = 500 வாட்
வட்ட ரம்பம் = 1200 வாட்
ஏர் கம்ப்ரசர், 1 எச்.பி. = 1000 வாட்
மொத்தம் = 3415 வாட்

மோட்டாருக்கு எச்.பி.யை 746-ஆல் பெருக்கினால் வருவது அவுட்புட். எபிஷியன்சி 75 சதவீதம் என்று வைத்து வகுத்தால்தான் லைனில் இருந்து இழுக்கும் வாட் வரும். 1 எச்.பி.க்குச் சுமார் 1000 வாட் வந்தது இப்படித்தான்.

வேலை செய்பவர் ஒருவர்தான் என்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது. ஆனால் கம்ப்ரசர் பிரஷர் குறைந்தால் தானாகவே ஸ்டார்ட் ஆகும். அதனால் மோசமான நேரம் என்பது ரம்பம், கம்ப்ரசர், விளக்கு, விசிறி நான்கும் ஓடும் நேரம். அது 2315 வாட். பவர் பேக்டர் 0.8 என்றால்,

கரண்ட் = 2315 ÷ (230 × 0.8) = 12.6 ஆம்பியர்.

இதற்கு 20 ஆம்பியர், சி-வகை எம்.சி.பி. எடுத்தேன். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு கணம் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். பி-வகை மூன்று முதல் ஐந்து மடங்குக்குள் உடனே விழுந்துவிடும். சி-வகை ஐந்து முதல் பத்து மடங்கு வரை பொறுக்கும்.

வெல்டிங் செட் இந்தக் கணக்கில் இல்லை. நாளைக்கு ஒன்று வாங்கினால் எல்லாவற்றையும் முதலில் இருந்து போட வேண்டும். வீட்டு இணைப்புக்கு அனுமதித்த லோடுக்குள் இது அடங்குமா என்றும் பார்க்க வேண்டும். கூலிக்கு வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்தால் அது வீட்டு உபயோகம் ஆகாது. மின்வாரியத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

3. கேபிள் அளவு

கரண்டைத் தாங்கினால் போதும் என்று பார்த்தால் 2.5 சதுர மி.மீ. காப்பரே போதும். தூரத்தையும் பார்க்க வேண்டும். வீட்டு போர்டில் இருந்து கொட்டகை போர்டு வரை 25 மீட்டர்; போக, வர 50 மீட்டர். 2.5-க்கு கிலோமீட்டருக்கு 7.41 ஓம், 4 சதுர மி.மீ.க்கு 4.61 ஓம். ஓடும்போது டிராப் முறையே 4.7 வோல்ட், 2.9 வோல்ட். பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் ரம்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆனால் கரண்ட் ஒரு கணம் 39 ஆம்பியர் வரை போகும். அப்போது 2.5-இல் 14 வோல்ட் போகிறது. 4-இல் 9 வோல்ட். சாயங்காலம் எங்கள் தெருவில் வோல்டேஜ் எப்போதும் குறைவு. அதிலும் 14 போனால் கம்ப்ரசர் சுற்ற முடியாமல் உறுமி, காயில் சூடாகும். எனவே 4 சதுர மி.மீ., மூன்று கோர், ஆர்மர்டு கேபிள்.

கேபிள் தரையில் முக்கால் மீட்டர் ஆழத்தில் போக வேண்டும். கீழேயும் மேலேயும் மணல், அதன் மேல் செங்கல் வரிசை. பிற்பாடு யாராவது வாழைக்குக் குழி வெட்டினால் மண்வெட்டி முதலில் செங்கல்லில்தான் படும்.

4. எர்த் கம்பி

மூன்றாவது கோருக்கு ஆகும் செலவைப் பார்த்துப் பெரியப்பா கேட்டார்: "ஏம்ப்பா, லைட்டும் மோட்டாரும் ரெண்டு கம்பியிலேயே ஓடுது. வேலையே செய்யாத கம்பிக்கு எதுக்கு இவ்வளவு காசு?" நல்ல கேள்வி. நாமும் பதில் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கேள்வி.

நம் வீடுகளுக்குக் கம்பத்தில் இருந்து வருவது பேஸ், நியூட்ரல் இரண்டும்தான். எர்த் நாமே குழி தோண்டிப் போடுவது. நல்ல எர்த் குழி 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கிரைண்டர் பாடியில் பேஸ் பட்டால் எர்த் வழியாக அதிகபட்சம் ஓடக்கூடியது 230 ÷ 10 = 23 ஆம்பியர். நம் 20 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழ 100 ஆம்பியராவது வேண்டும். 23 ஆம்பியரை அது சாதாரண லோடு மாதிரி சுமந்துகொண்டே இருக்கும். பாடியில் வோல்டேஜ் நிற்கும்.

இப்போது அதை மனிதன் தொடுகிறான். ஈரக் கை, வெறுங்கால். உடம்பின் ரெசிஸ்டன்ஸ் 1000 ஓம் என்று வைப்போம். உடம்பு வழியே 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் வரை போகலாம். 10 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 230 உயிரை எடுக்கும். 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அந்த 0.23 கண்ணிலேயே படாது.

ஆக, எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. மனிதனைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி. வேண்டும். அது பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று பார்க்கிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் 0.3 செகண்டுக்குள், அதுவே 150 ஆனால் 0.04 செகண்டுக்குள் இணைப்பை வெட்டும். எர்த் கம்பி இருந்தால் பாடியில் கரண்ட் ஏறிய அந்த நொடியே, யாரும் தொடுவதற்கு முன்பே, ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் ஒரு மனிதன் தொட்ட பிறகுதான் அது விழும். வேலை செய்யாத கம்பி செய்யும் வேலை இதுதான்.

கோடையில் கரிசல் மண் காய்ந்து எர்த் 10 ஓம் 100 ஓம் ஆனாலும் பாடியில் 23 ஆம்பியருக்குப் பதில் 2.3 ஆம்பியர் ஓடும். ஆர்.சி.சி.பி.க்கு அதுவே தாராளம்.

இரண்டு குறுக்கு வழிகளை நம் ஊரில் பார்க்கலாம். ஒன்று, நியூட்ரலையே எர்த் பின்னில் லூப் போடுவது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் எல்லா மெஷின் பாடியிலும் பேஸ் வந்து நிற்கும். இன்னொன்று, தண்ணீர்க் குழாயில் சுற்றுவது. இப்போது பாதி ஊரில் குழாய் பி.வி.சி.தான். இரண்டையும் செய்யவே கூடாது.

5. ஆர்.சி.சி.பி.யை எங்கே வைப்பது?

கொட்டகையில் மட்டும் வைத்தால் நடுவில் உள்ள கேபிளுக்குக் காவல் இல்லை. மண்வெட்டி பட்டு ஆர்மரில் பேஸ் ஏறினால் மேலே சொன்ன 23 ஆம்பியர் கதைதான். எனவே வீட்டுப் பக்கம் 100 மில்லி ஆம்பியர், டைம் டிலே உள்ளது. கொட்டகையில் 30 மில்லி ஆம்பியர். கொட்டகையில் கோளாறு என்றால் கொட்டகையில் உள்ளது மட்டும் விழும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 30 மில்லி ஆம்பியரை வாங்கி வீட்டுப் பக்கம் வையுங்கள். கொட்டகை ஓரமாகவும் ஒரு எர்த் குழி போட்டுப் பச்சைக் கம்பியோடு சேர்க்க வேண்டும்.

6. கொட்டகைக்குள்

(அ) கதவருகே டபுள் போல் மெயின் சுவிட்ச்.
(ஆ) விளக்கு, விசிறிக்கு 6 ஆம்பியர் எம்.சி.பி. தனி, பிளக் பாயிண்ட்டுகளுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. இரண்டு, 2.5 சதுர மி.மீ. ஒயர். ரம்பம் ஓடும்போது எம்.சி.பி. விழுந்தால் விளக்கு அணையக் கூடாது. சுற்றும் ரம்பமும் இருட்டும் சேர்ந்தால் விரல் போகும். ஆர்.சி.சி.பி. விழுந்தால் விளக்கும் போகும் என்பதால் சுவரில் ஒரு சார்ஜ் விளக்கு இருக்கட்டும்.
(இ) பிளக் பாயிண்ட்டுகள் வேலை மேஜைக்கு மேலே, தரையில் இருந்து ஒரு மீட்டருக்கு மேல்.
(ஈ) கிரைண்டருக்கு நோ-வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது மெஷின் தானாகச் சுற்றக் கூடாது. டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் படித்ததுதான்.
(உ) மூன்று பின் பிளக்கில் எர்த் பின் நீளமாக இருப்பது அது முதலில் சேர வேண்டும் என்பதற்காக. அதை ஒடித்துவிட்டுச் செருகாதீர்கள்.

7. சப்ளை கொடுக்கும் முன்

500 வோல்ட் மெக்கரில் இன்சுலேஷன் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. பச்சைக் கம்பி ஒவ்வொரு பாயிண்ட்டிலும் தொடர்கிறதா, பேஸ் சுவிட்ச் வழியாகத்தான் போகிறதா, எர்த் எத்தனை ஓம் என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அமுக்கிப் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: பேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் பிடித்தவனை ஆர்.சி.சி.பி. காப்பாற்றாது. அதற்கு அவனும் ஒரு பல்பும் ஒன்றுதான்.

முடிவுரை

பெரியப்பா அந்தக் காகிதத்தை இரண்டு நாள் வைத்திருந்தார். மில்லில் கணக்குப் பார்த்தவர். இங்கிலீஷ் வராவிட்டாலும் 230-ஐ 10-ஆல் வகுக்கத் தெரியும். பிறகு பழைய ஒயரை அவரே கழற்றச் சொல்லிவிட்டார். திட்டம் போட்டது நான். வேலையைச் செய்து கையெழுத்துப் போட்டது உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர். நாம் டிப்ளமோ முடித்து உரிமம் வாங்கும் வரை முறை அதுதான்.

நம் எல்லோர் வீட்டிலும், தெருவிலும் துணிக்கொடி வழியாக இரண்டு ஒயர் போகும் ஒரு கொட்டகை இருக்கும். இந்த விடுமுறையில் போய்ப் பாருங்கள். மூன்றாவது கம்பி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் கணக்கைக் காகிதத்தில் போட்டு, அவர்களுக்குப் புரியும் பாஷையில் எழுதிக் கொடுங்கள்.

பாதுகாப்பு முதலில், மெஷின் பிறகு!