மறைந்தவரின் இசைக்கருவிச் சேகரிப்பு: ஏலமா, கடையா, நேரடி விற்பனையா, நன்கொடையா?

வீட்டுப் பெரியவர் ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த இசைக்கருவிகள் வாரிசுகள் கைக்கு வரும்போது, அவற்றைக் கைமாற்ற நான்கு வழிகள் இருக்கின்றன: ஏலம், கருவிக் கடை, வாசிப்பவருக்கு நேரடி விற்பனை, நிறுவனங்களுக்கு நன்கொடை. எந்த வழி நல்லது என்பதைச் சேகரிப்பு முழுவதற்கும் சேர்த்து முடிவு செய்ய முடியாது. கருவிக்குக் கருவி வாங்குபவர் வேறு. தஞ்சாவூர் வீணையைத் தேடுபவர் பழைய ஜெர்மன் வயலினைத் தேட மாட்டார். இரண்டையும் தேடாதவர்தான் 'மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன்' என்று வருவார். அவர் சொல்லும் விலை அநேகமாகக் குறைவாகவே இருக்கும். ஆகவே முதல் வேலை சேகரிப்பைப் பிரிப்பது.

பிரிப்பதற்கு ஒரு பட்டியல் வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் எண், நாலா பக்கமும் எடுத்த புகைப்படம், அளவு, செய்தவர் அல்லது செய்த ஊர், கூடவே கிடைத்த ரசீது, கடிதம், கச்சேரிப் படம் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். பெட்டிக்குள் மடித்துவைத்த ஒரு பழைய பில் கருவியின் விலையையே மாற்றிவிடக்கூடும் என்பதால் பெட்டிகளைத் தனியே தூக்கிப் போடக் கூடாது. பட்டியல் முடியும்வரை எதையும் துடைக்கவோ, மெருகேற்றவோ, பழுது பார்க்கவோ வேண்டாம். பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்த வயலினுக்குப் போன மதிப்பு திரும்பி வராது. புது மெழுகு வைத்து மெட்டுகளைச் சீர்செய்வது வீணையை வாங்கியவர் தன் காதுக்கு ஏற்பச் செய்துகொள்ளும் வேலை.

கர்நாடக இசைக் குடும்பங்களில் மிகப் பெரிய எதிர்பார்ப்பும் மிகப் பெரிய ஏமாற்றமும் வயலினில்தான் வருகின்றன. எஃப் வடிவத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு மங்கிய லேபிள் தெரியும். அதில் ஸ்ட்ராடிவாரியஸ் பெயரும் கிரெமோனா ஊரும் பதினேழோ பதினெட்டோ நூற்றாண்டு வருடமும் இருக்கும். ஜெர்மனியின் மார்க்நூய்கிர்ஷன், மிட்டன்வால்டு போன்ற ஊர்களிலிருந்தும் பொஹிமியாவிலிருந்தும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஆயிரக்கணக்கில் வந்த வயலின்களில் இதே லேபிள் ஒட்டப்பட்டிருந்தது. எந்த மாதிரியைப் பார்த்துச் செய்தது என்பதைத்தான் அது சொல்கிறது. லேபிளின் அடியில் 'ஜெர்மனி' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால், அந்த வயலின் பெரும்பாலும் 1891க்குப் பிறகு வந்தது. இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்ட காலம் அது. இப்படிப்பட்ட வயலின்களிலும் நல்ல நாதம் உள்ளவை உண்டு. அவற்றுக்கு வாசிப்பவர் தரும் விலை உண்டு, லேபிள் தரும் விலை கிடையாது. வில்லையும் மறக்காமல் பார்க்க வேண்டும்: சாதாரண வயலினோடு கிடக்கும் பழைய பிரெஞ்சு வில், அந்த வயலினைவிடப் பல மடங்கு பெறுமானம் உள்ளதாக இருக்கலாம்.

விற்பதற்கு முன் இரண்டு சட்டங்களைக் கடந்தாக வேண்டும். முதலாவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். பழைய தஞ்சாவூர் வீணைகளிலும் தம்பூராக்களிலும் குடத்தின் விளிம்பு, தண்டி, பிருடை ஆகிய இடங்களில் தந்தம் இழைத்திருப்பார்கள். சிலவற்றில் மான் கொம்பு இருக்கும். பிற்காலத்தவற்றில் பிளாஸ்டிக். தந்தம் என்றால் ஏலம், கடை, நேரடி விற்பனை மூன்றுமே கிடையாது. வனத்துறையின் உரிமைச் சான்று கையில் இருந்தாலும் காசுக்குக் கைமாற்ற முடியாது. வாரிசு வழியில் மட்டுமே அது செல்லலாம். மான் கொம்புக்கும் வனத்துறையிடம் கேட்காமல் விலை பேசக் கூடாது. தந்தமா பிளாஸ்டிக்கா என்று சூடான ஊசியால் குத்திப் பார்ப்பது கருவியைக் கெடுக்கும். அனுபவமுள்ள ஆசாரி பூதக்கண்ணாடியில் இழையோட்டத்தைப் பார்த்து ஓரளவு சொல்லிவிடுவார். சந்தேகம் தீராதவற்றைத் தனியே எடுத்துவைத்து வனத்துறையிடம் கேட்பதே சரி.

இரண்டாவது, அதே 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம். நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருள் தொல்பொருளாகலாம். தொல்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. இந்தச் சட்டத்தில் அளவுகோல் வயதுதான் என்பதால், ஐரோப்பாவில் செய்த வயலின்தானே என்று லண்டனுக்கு அனுப்பிவிடக் கூடாது. தொல்லியல் துறையிடமிருந்து அது தொல்பொருள் அல்ல என்ற சான்று கிடைத்த பிறகுதான் வெளிநாட்டு ஏலம் பற்றிய பேச்சே.

இனி ஏலம். கருவிக்கு ஏல நிறுவனம் ஒரு மதிப்பீடு சொல்லும். இதற்குக் கீழே போனால் விற்க வேண்டாம் என்று ஒரு குறைந்தபட்ச விலையை உடைமையாளர் நிர்ணயிக்கலாம். சுத்தியல் விழுந்த தொகை அப்படியே வீட்டுக்கு வராது. ஒரு வீணை 1,00,000 ரூபாய்க்குப் போனது, விற்பவரிடம் 15 விழுக்காடு கமிஷன் என்று வைத்துக்கொண்டால், கமிஷன் 15,000, அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 2,700; கைக்கு வருவது 82,300. இதிலிருந்து வண்டிக்கூலி, காப்பீடு, படம் எடுத்த செலவு போகும். வாங்குபவரிடமும் தனியாக ஒரு கட்டணம் பிடிப்பார்கள். அதைக் கணக்கில் வைத்துத்தான் அவர் விலை கேட்பார். ஏலம் போகாமல் திரும்பும் கருவிக்கும் சில இடங்களில் கட்டணம் உண்டு. அப்படித் திரும்பியது என்ற செய்தி அடுத்த விற்பனையில் விலையை இறக்கும்.

இவ்வளவையும் மீறி ஏலம் லாபம் தருவது, ஒரே பொருளுக்கு இரண்டு பேராவது பிடிவாதமாகப் போட்டியிடும்போதுதான். 2023 ஜனவரியில் மறைந்த ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜெஃப் பெக்கின் கருவிகளை 2025 ஜனவரியில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலம் விட்டது. அதில் 1954ஆம் ஆண்டின் கிப்சன் லெஸ் பால் கிதார் ஒன்று, மதிப்பீட்டைப்போல் இரு மடங்குக்கும் மேலாக, 10 லட்சம் பவுண்டைத் தாண்டிப் போனது. அவர் அதை வாசித்தார் என்பதற்கு அவருடைய ஆல்பம் ஒன்றின் அட்டையே சாட்சி. பெரிய வித்வான் வாசித்த வீணை இது என்று குடும்பம் சொல்வது மட்டும் ஏலத்தில் எடுபடாது. அந்த வீணையோடு அவர் இருக்கும் படமோ, அவர் கைப்படக் கடிதமோ வேண்டும். சான்றுள்ள கருவிகள், செய்தவர் பெயர் உறுதியான ஐரோப்பிய வயலின்கள், வில்கள், பழைய கிதார்கள் ஆகியவற்றுக்கு ஏலம் பொருந்தும். வயலின்களுக்கென்றே இணைய ஏலம் நடத்தும் டாரிசியோ போன்ற நிறுவனங்கள் புகைப்படத்தைப் பார்த்தே முதல் கருத்தைச் சொல்வது வழக்கம். வீட்டுச் சாமான்களை ஏலம் விடும் உள்ளூர் நிறுவனத்தில் வீணை, நாற்காலிக்கும் அலமாரிக்கும் நடுவே நிற்கும். அங்கே அதை அலங்காரப் பொருளாகத்தான் கேட்பார்கள்.

கருவிக் கடையில் இரண்டு முறை உண்டு. ரொக்கமாக வாங்கினால் கடைக்காரர் தன் லாபத்தையும் பழுதுச் செலவையும் கழித்துத்தான் விலை சொல்வார். விற்ற பிறகு பணம் தருவது என்றால் கூடுதலாகக் கிடைக்கும், மாதங்கள் ஆகும். கெடு, கமிஷன், சேதமானால் யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்க வேண்டும். சாதாரண ஆர்மோனியம், சுருதிப்பெட்டி, மாணவர் வயலின்களுக்குக் கடை போதும்.

கர்நாடக இசைக் கருவிகளில் பெரும்பகுதிக்கு நேரடி விற்பனையே சிறந்தது. ஒரே கட்டையில் குடைந்த ஏகாந்த வீணைக்கும் பகுதிகளை ஒட்டிச் செய்த ஒட்டு வீணைக்கும் உள்ள வித்தியாசத்தை மீட்டிப் பார்த்து உணரக்கூடியவர்தான் அதற்கு உரிய விலை தருவார். மிருதங்கத்தில் தோல் எப்படியும் மாற்றப்படும். விலை பலாக்கட்டைக்குத்தான், அதன் கனத்தையும் நாதத்தையும் வாசிப்பவரே எடைபோடுவார். முதிர்ந்த ஆச்சா மரத்தில் செய்த நரசிங்கம்பேட்டை நாகஸ்வரமும் அப்படியே. மறைந்தவரின் குருநாதர் வீட்டார், சீடர்கள், அவருக்கு வேலை செய்துகொடுத்த வாத்தியம் செய்பவர் ஆகிய மூவரிடமும் சொல்லி வைத்தால் செய்தி உரிய இடத்துக்குப் போய்விடும். வேண்டியவர்களிடம் விலை பேசக் கூச்சமாக இருக்கும் என்பதுதான் இதில் உள்ள சங்கடம். சம்பந்தமில்லாத ஒருவரிடம், அதாவது வாங்கப் போகாத ஒருவரிடம், எழுத்தில் மதிப்பீடு பெற்றுவிட்டால் அந்தக் கூச்சம் குறையும்.

விலை போகாதது எல்லாம் நன்கொடைக்கு என்று ஒதுக்குவது நன்கொடையைக் குறைத்து மதிப்பிடுவது. வங்காள இசையறிஞர் சௌரீந்திர மோகன் தாகூர் 1876இல் பெல்ஜிய மன்னருக்கு அனுப்பிய சுமார் நூறு இந்தியக் கருவிகள், அடுத்த ஆண்டு பிரஸ்ஸல்ஸ் இசைக்கருவி அருங்காட்சியகத்தின் அடித்தளங்களில் ஒன்றாயின; அவை ஒரே தொகுப்பாக இருந்ததால்தான் அந்தப் பயன். ஒரு ஊரின், ஒரு பரம்பரையின் கருவிகள் முழுமையாக இருந்தால் பெங்களூரின் இந்திய இசை அனுபவ அருங்காட்சியகம் போன்ற இடங்களைக் கேட்டுப் பார்க்கலாம். காட்சிக்கு வைப்பார்களா, கிடங்கிலா, பின்னாளில் வேறிடத்துக்குக் கொடுப்பார்களா என்பது நன்கொடைப் பத்திரத்தில் இருக்க வேண்டும். வாசிக்கும் நிலையில் உள்ளவை அரசு இசைப்பள்ளிகளுக்கும் இசைக் கல்லூரிகளுக்கும் போனால் உடனே ஒரு மாணவர் கையில் சேரும்.

எந்த வழியானாலும் வாரிசுகள் எல்லோரும் பட்டியலில் கையெழுத்திட்ட பிறகே முதல் கருவி வெளியே போக வேண்டும். ஞாபகமாக வைத்துக்கொள்ள விரும்புவதை அப்போதே எடுத்துக்கொள்ளலாம். குடும்பத்தார் வாசித்துப் பயன்படுத்திய கருவி வருமான வரிச் சட்டத்தில் சொந்தப் பயன்பாட்டுப் பொருளாகக் கருதப்படலாம்; ஆனால் கலைப்பொருள் என்று வகைப்படுத்தினால் மூலதன ஆதாய வரி வரும். ஏலப் பட்டியலில் 'கலைப்படைப்பு' என்று அச்சாவதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிட வேண்டும். விற்ற ரசீது, கமிஷன் கணக்கு, வனத்துறைக் கடிதம், தொல்லியல் சான்று ஆகியவற்றின் நகல் ஒவ்வொரு வாரிசிடமும் ஒரு செட் இருக்கட்டும்.