கண்ணடிக் குழிக்கு எந்த ஃபில்லர்?

"கண்ணு ரெண்டும் உள்ள போய்ட்டே, ஒழுங்கா சாப்பிடுதியா?" என்று ஆச்சி கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். கல்யாணத்துக்கு முன்னால் போட்டோகிராபர் அதையே சொன்னால், பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ ஸ்கின் கிளினிக் தேடத் தோன்றும். குழியை நிரப்ப ஊசியில் போடும் ஃபில்லரில் எது நல்லது என்று கேட்பதற்கு முன், இருப்பது குழிதானா என்று பார்த்துவிடுங்கள்.

பகலில் ஜன்னலைப் பார்த்து நின்று, கைக்கண்ணாடியை எதிரே பிடித்து, முகவாயை லேசாகத் தூக்குங்கள். வெளிச்சம் நேரே விழுந்ததும் கருப்பு மங்கினால் அது குழியின் நிழல், ஃபில்லர் உதவும். தோலை மெல்ல இழுத்தும் நிறம் மாறாவிட்டால் அது நிறமி. மாநிறத் தோலில் இது சகஜம். பரம்பரையாகவும் வரும், அலர்ஜியில் கண்ணைக் கசக்கிக் கசக்கியும் வரும். இதற்கு ஃபில்லர் போட்டால் காசுதான் கரையும். ரத்தசோகையில் முகம் வெளுத்தாலும் கண்ணடி கருத்துத் தெரியும், ஆகவே ஹீமோகுளோபினை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கண்ணுக்குக் கீழே பை போலத் தொங்கினால் அது அறுவை சிகிச்சைக்காரரின் வேலை.

குழிதான் என்று உறுதியானால், என் ஓட்டு ஹயலுரானிக் அமில ஜெல்லுக்கு. அழகைவிட, தப்பிக்க வழி இருப்பதே காரணம். பிடிக்கவில்லை, கட்டி தட்டிவிட்டது, இடம் மாறிவிட்டது என்றால் ஹயலுரானிடேஸ் என்ற நொதியை ஊசியில் போட்டுக் கரைத்துவிடலாம். கண் ஆஸ்பத்திரிகளுக்கு இது பழகிய மருந்து. கண்புரை அறுவைக்கு முன் மரத்துப்போகப் போடும் ஊசியில் இதைக் கலப்பதுண்டு. கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட், பாலிலாக்டிக் அமிலம் போன்றவை கன்னத்துக்குச் சரி. கண்ணடித் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. அங்கே முடிச்சு விழுந்தால் வெளியே தெரியும், கரைக்கவும் இப்படி ஒரு மருந்து கிடையாது. வயிற்றிலோ தொடையிலோ கொழுப்பை எடுத்து நிரப்பினால் பல வருடம் நிற்கலாம். ஆனால் அதில் எவ்வளவு தங்கும், எவ்வளவு கரையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சொந்த ரத்தத்திலிருந்து எடுக்கும் பி.ஆர்.பி. தோலைக் கொஞ்சம் தெளிவாக்கலாம், குழியை நிரப்பாது.

ஜெல்லிலும் வித்தியாசம் உண்டு. தண்ணீரை அதிகம் இழுப்பது காலையில் கண்ணை உப்ப வைக்கும். தோலுக்கு மிக அருகே போட்டால் நீலம் பாரித்துத் தெரியும். அமெரிக்க எஃப்.டி.ஏ. கண்ணடிக் குழிக்கென்றே 2022-ல் ஜுவெடெர்ம் வால்பெல்லாவுக்கும், 2023-ல் ரெஸ்டிலேன் ஐலைட்டுக்கும் அனுமதி கொடுத்தது. வால்பெல்லாவில் ஒரு மில்லிக்கு 15 மில்லிகிராம் ஹயலுரானிக் அமிலம், ஐலைட்டில் 20. கன்னத்துக்கான வால்யூமாவை "மிச்சம் இருக்கு, இதையே போட்டுரலாம்" என்று கண்ணடியில் போட வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சிரிஞ்ச் பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லி, அதிலிருக்கும் லாட் எண் ஸ்டிக்கரை உங்கள் ஃபைலில் ஒட்டச் சொல்லுங்கள். முதல் தடவையே முழுக் குழியையும் நிரப்பச் சொல்லாதீர்கள். குறைத்துப் போட்டுக்கொண்டு, சில வாரம் கழித்துத் தேவையானால் கூட்டிக்கொள்ளலாம்.

நம் ஊரில் பிராண்டைவிடப் பெரிய கேள்வி, போடுகிறவர் மறுநாளும் இங்கே இருப்பாரா என்பது. மாதம் ஒரு ஞாயிறு சென்னையிலிருந்து வந்து, சாயங்கால ரயிலில் திரும்பிவிடும் டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கண்ணடிக்கு வேண்டாம். ஃபில்லர் ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்வது அபூர்வம்தான். நடந்தால் பார்வையே போகலாம். ரத்தம் நின்ற விழித்திரை ஒன்றரை மணி நேரம் தாங்கினால் அதிகம், பெரிய ஆஸ்பத்திரி தேடி மதுரைக்குப் போய்ச் சேரவே அதற்கு மேல் ஆகும். தோல் மருத்துவர், பிளாஸ்டிக் சர்ஜன், கண்ணிமைச் சிகிச்சையில் தேர்ந்த கண் மருத்துவர், யாராக இருந்தாலும் "ஹயலுரானிடேஸ் கையிருப்பில் இருக்கா?" என்று கேளுங்கள். பியூட்டி பார்லர் பேச்சே வேண்டாம். யூட்யூபிலோ பயிலரங்கிலோ பார்த்துக் கற்றது அழகுச் சிகிச்சைக்குப் போதிய பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது.

கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தள்ளிப்போடட்டும். ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கல்யாணம் என்றால் ஒரு மாதமாவது முந்திப் போட்டுக்கொள்ளுங்கள். வீக்கமும் ரத்தக்கட்டும் இறங்க நாள் வேண்டும். போட்ட பிறகு கடுமையான வலி, தோல் வெளிறுவது, வலைபோல் ஊதா நிறம் படர்வது, பார்வை மங்குவது என்று எது வந்தாலும், ராத்திரி எத்தனை மணியானாலும் போட்ட டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு உடனே கிளம்புங்கள்.