பாட்டியின் மாத்திரை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு அந்தச் சுவரைக் காத்து நிற்பது தினமும் விழுங்கும் ஒரு சிறு மாத்திரை.

இக்கட்டுரையை எழுத எங்களைத் தூண்டியவர் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி. மயிலாப்பூரில் வசிக்கும் அவர் பல ஆண்டுகளாக இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். பங்குனியில் அறுபத்து மூவர் திருவிழா சமயத்தில், "தலைசுற்றல் இல்லை, ஒன்றும் இல்லை; எனக்கெதற்கு மாத்திரை?" என்று தாமாகவே நிறுத்திவிட்டார். மூன்றாம் வாரம் ஒரு காலை, வலக்கையிலிருந்து காப்பி டம்ளர் நழுவியது, பேச்சுக் குழறியது. பக்கவாதம்! உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதால் உயிர் பிழைத்தார். ஆனால் இன்றும் இடக்கையால்தான் சாப்பிடுகிறார்.

இரத்த அழுத்தம் உயர்ந்தாலும் பெரும்பாலும் வலியோ அறிகுறியோ இராது. ஓசையின்றி மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் இரத்தக் குழாய்களைக் கெடுக்கும். மாத்திரை அழுத்தத்தை அடக்கி வைக்குமே தவிர, நோயை வேரோடு நீக்காது. உடல் நன்றாக இருப்பதாகத் தோன்றுவதால் மட்டும் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதென்று பொருளாகாது.

இம்மருந்துகளின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை, பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதி உலகறியச் செய்தார். அவ்வேரிலிருந்து 1952-இல் ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. பின்னாளில் சென்னைச் சிறுநீரக மருத்துவர் டாக்டர் எம்.கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் வாயிலாக, நகருக்கு அருகிலுள்ள கிராமங்களில் வீடு வீடாகச் சோதனை நடத்தி, ரிசர்பின் போன்ற விலை மலிந்த மருந்துகளாலேயே பலருடைய அழுத்தத்தைக் கட்டுப்படுத்திக் காட்டினார். மருந்தின் விலையைவிட, அதை விடாமல் சாப்பிடுவதே முக்கியம் என்பது இதனால் விளங்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன.

நினைவில் வைக்க வேண்டியவை:

1. மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. அட்டினலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

2. ஒரு வேளை மறந்தால், மறுவேளை இரண்டாகச் சாப்பிடக் கூடாது.

3. அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கத்தையும், எனலாப்ரில் வறட்டு இருமலையும் தரும். மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

4. மூட்டு வலிக்குக் கடையில் தாமாக வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் ஆகியவை அழுத்தத்தை உயர்த்தலாம், சிறுநீரகத்தையும் பாதிக்கலாம்.

5. படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது. சற்று உட்கார்ந்து, பிறகு எழ வேண்டும்.

6. வாந்தி, வயிற்றுப்போக்குக் கண்டால் அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

7. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உள்ள உப்பும் இதில் அடங்கும். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு எல்லாருக்கும் ஏற்றதன்று. கேட்டே வாங்க வேண்டும்.

8. முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

தோழியரே! பொடி எழுத்துக்களைப் படிக்கப் பாட்டியால் முடியாது, நம்மால் முடியும். எங்கள் தோழி இப்போது பள்ளிக்குப் புறப்படுமுன் பாட்டிக்கு மாத்திரை கொடுத்து, நாட்காட்டியில் ஒரு கோடு போடுகிறாள். இரண்டு நிமிட வேலைதான். இன்று மாலையே நம் வீட்டு மாத்திரை டப்பாவையும் திறந்து பார்ப்போமா?