விழுந்த கிளையைக் காரில் ஏற்றுமுன்: விறகு சேர்ப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

ஏப்ரல், மே மாதங்களில் ஒரு சாயங்கால மழை காற்றோடு அடித்து ஓய்ந்தால் போதும், மறுநாள் காலை பெங்களூரின் தொம்மலூர், இந்திராநகர் தெருக்களில் குல்மோஹர் கிளைகள் குறுக்கே கிடக்கும். மாநகராட்சி ஆட்கள் அவற்றை அறுத்து ஓரமாகத் தள்ளிவிட்டுப் போவார்கள். வெந்நீருக்குச் செம்பு பாய்லரை விடாமல் வைத்திருக்கும் பழைய வீட்டுக்காரர்களுக்கு அது காசில்லாத விறகு. ஆனால் சின்னக் காரில் அதைக் கொண்டுவரும் விதம் தெரியாவிட்டால் மிச்சமான காசு மெக்கானிக் கைக்குத்தான் போகும்.

1. முதலில் கேளுங்கள். சாலை மரம் விழுந்தாலும் அது மாநகராட்சியின் சொத்து. அறுத்துக்கொண்டிருப்பவர்களிடம் “தகோபஹுதா?” என்று கன்னடத்தில் ஒரு வார்த்தை கேட்டால் சுள்ளி, கிளைகளைப் பெரும்பாலும் தருவார்கள். அடிமரத்தில் கை வைக்காதீர்கள். அது ஏலத்துக்குப் போகலாம். நிற்கிற மரத்தை வெட்ட 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும், மரம் உங்கள் வீட்டு வளாகத்திலேயே நின்றாலும் சரி. சந்தன மரத்தின் ஒரு துண்டைக்கூடக் காரில் ஏற்றாதீர்கள்.

2. கிளையோடு மின்கம்பி கிடந்தால் கிட்டே போகாதீர்கள். மின் விநியோக நிறுவனமான பெஸ்காமுக்கு 1912 என்ற எண்ணில் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். கம்பியில் மின்சாரம் இல்லை என்று தெருவில் யார் சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டாம்.

3. எடையைக் கண்ணால் அளக்காதீர்கள். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒரு மீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ள பச்சைக் கட்டை 15 கிலோவைத் தொடும். குறுக்களவு இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்காகி 60 கிலோ தாண்டும். அதைத் தனி ஆளாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆல்டோ 800-இன் டிக்கி 177 லிட்டர். அதில் பச்சைக் கட்டையை நெருக்கி அடுக்கினால் 80 முதல் 100 கிலோ வரை ஏறிவிடும். அத்தனையும் பின் சக்கரங்களின் மேல்தான் உட்காரும். இந்த அளவுக் காருக்கு, ஓட்டுபவரையும் சேர்த்து மொத்தச் சுமை 400 கிலோவுக்குள் இருக்கட்டும். விறகு ஏற்றும் நாளில் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

4. கிடக்கிற இடத்திலேயே அறுத்துவிடுங்கள். உங்கள் பாய்லர் வாயின் அளவுக்கு, பெரும்பாலும் ஒரு முழத்துக்கும் குறைவாக, வில் ரம்பத்தால் துண்டு போடுங்கள். இலையையும் சுள்ளியையும் அங்கேயே கழித்துவிட்டால் கார் உள்ளே பாதிக் குப்பை குறையும்.

5. அடுக்குவதில்தான் சூட்சுமம். பின் இருக்கையை மடக்கி, பழைய தார்ப்பாயோ பிரித்த சாக்கோ விரியுங்கள். கனமான கட்டைகளை முன் இருக்கையின் முதுகை ஒட்டி, காரின் அகலவாக்கில் படுக்க வையுங்கள். நீளவாக்கில் வைத்த கட்டை, சடன் பிரேக் போட்டால் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஈட்டியாகப் பாயும். இருக்கை முதுகின் உயரத்துக்கு மேல் எதையும் அடுக்காதீர்கள். கடைசியில் ஒரு கயிறு குறுக்கே போட்டு இறுக்குங்கள்.

6. டிக்கிக் கதவைத் திறந்துபோட்டு ஓட்டவே கூடாது. சைலன்சர் புகை உள்ளே சுழன்று வரும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தவிர, வண்டிக்கு வெளியே சுமை நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவில் 20,000 ரூபாய் அபராதம். அந்தக் காசுக்கு ஒரு கேஸ் கீசரையே வாங்கி மாட்டி, மிச்சமும் பார்க்கலாம்.

7. டயர் காற்றை ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழுச் சுமைக்குச் சொன்ன அளவுக்கு ஏற்றுங்கள். சந்துகளில் உள்ள ஹம்ப்களில் சைலன்சர் உரசும். வண்டியை ஏறக்குறைய நிறுத்தி இறக்குங்கள்.

8. காரின் பின்னால் ட்ரெய்லர் மாட்டும் யோசனை நம் ஊருக்கு ஒத்துவராது. ட்ரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். தொம்மலூர் சந்தில் அதை ரிவர்ஸ் எடுப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். விறகு அதிகமாக இருந்தால் ஒரு பெட்டி ஆட்டோவோ குட்டி யானையோ பிடியுங்கள். பக்கத்து வீட்டாரோடு வாடகையைப் பங்கிட்டால் கையைக் கடிக்காது. நெரிசல் நேரத்தில் பல சாலைகளில் சரக்கு வண்டிகளுக்குத் தடை இருப்பதால் நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள்.

9. எல்லா மரமும் விறகாகாது. புங்கையும் தூங்குமூஞ்சியும் காய்ந்தால் நன்றாக எரியும். சவுக்கு கிடைத்தால் விடாதீர்கள். குல்மோஹர் எரியும், ஆனால் சீக்கிரம் உளுத்துவிடும். ஆரஞ்சுப் பூப் பூக்கும் ஆப்பிரிக்கத் துலிப் லேசில் தீப்பிடிக்காது. முருங்கை வெறும் சக்கை. அரளியை எரிக்கவே கூடாது, அதன் புகையே விஷம்.

10. கட்டடம் எழும்பும் இடங்களில் கழித்துப் போடும் சென்ட்ரிங் பலகையைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். எண்ணெய் ஊறி, சிமெண்ட் அப்பி, ஆணி பதிந்திருக்கும். ஓர் ஆணி டயரில் ஏறினால் விறகுக் கணக்கு நஷ்டத்தில் முடியும். பெயிண்ட் அடித்த மரம், பிளைவுட் இரண்டும் வேண்டவே வேண்டாம். பேக்கிங் பலகையில் ‘ஹெச்டி’ முத்திரை இருந்தால் சூடாக்கிப் பதப்படுத்தியது என்று அர்த்தம், எரிக்கலாம். ‘எம்பி’ என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி வாயு ஏற்றியது, தொடாதீர்கள்.

11. ஏற்றுமுன் ஒவ்வொரு கட்டையையும் தரையில் ஒரு தட்டு தட்டுங்கள். பட்டைக்குள்ளிருந்து பூரான், தேள், செவ்வெறும்பு எது வேண்டுமானாலும் வரும். கம்பளிப்பூச்சிக் காலத்தில் முழுக்கைச் சட்டையும் தடித்த கையுறையும் போடுங்கள்.

12. வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், கரையான் வழி பிடித்துவிடும். செங்கல் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்றோட்டமாக அடுக்குங்கள். தடித்ததை முதலிலேயே பிளந்துவிடுங்கள். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை கொட்டும். மேலே மட்டும் தகரம் போட்டுப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். மே மாதக் கிளை டிசம்பர் குளிருக்குத்தான் தயாராகும். முனையில் வெடிப்பு விட்டு, இரண்டு துண்டுகளைத் தட்டினால் ‘டங்’ என்று கேட்டால் காய்ந்துவிட்டது. மந்தமாகக் கேட்டால் இன்னும் ஈரம். எரித்தால் புகைதான் மிஞ்சும்.

13. பாய்லர் குளியலறைக்கு உள்ளேயே இருந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். தணல் அணையாமல் இருக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு யாரும் குளிக்க வேண்டாம். வாளியில் வெந்நீரைப் பிடித்து வேறு அறைக்குக் கொண்டுபோய்க் குளியுங்கள்.